பதினேழு டாலர் பிஸ்டல்

தொண்ணூற்றாறாம் வருடம், கிரீன் கார்டு கைக்கு வந்த வாரமே, ஹூஸ்டன் தேவநேசன் ஒரு பிஸ்டல் வாங்குவதென்று முடிவெடுத்தான்.

ஞாயிறுதோறும் சபையில் காணிக்கைப் பையை நீட்டுகிறவன் அவன். கரப்பான் பூச்சியைக் கண்டால் மனைவி எலிசாவைக் கூப்பிடுகிறவன். ஆனால் பக்கத்து வீட்டு ஹாங்க், பழைய பட்டாளத்துக்காரர், வேலியில் சாய்ந்தபடி ஒரு கதை சொல்லி அவனைக் கெடுத்துவிட்டார். அறுபதுகளில் ராணுவம் தனக்கு வேண்டாத பிஸ்டல்களைப் பொதுமக்களுக்கே விற்றதாம். விலை பதினேழு டாலராம். தபாலில் வீட்டுக்கே வருமாம். அன்றுமுதல் தேவநேசன் தபால் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டான்.

“பதினேழு டாலர், எலிசா. ரெண்டு பேர் பஃபே சாப்பிடற காசு.”

“எப்ப?”

“அறுபத்திரண்டுல.”

“அப்ப எங்கம்மாவுக்கே கல்யாணம் ஆகல.”

“இப்பவும் சீப்தான். பல்கேரியா ஆர்மியோட பழைய சரக்கு பெட்டி பெட்டியா வந்து இறங்குதாம். கன் ஷோல நூத்தி முப்பது.”

“வாங்கி யாரைச் சுடப் போறீங்க?”

“யாரையும் இல்ல. வீட்ல சும்மா இருக்கும்.”

“வீட்ல சும்மா இருக்கத்தான் நீங்க இருக்கீங்களே. ரெனிஷாவுக்கு ரெண்டு வயசு. ஒரு டிராயர் விடாம திறக்கறா. நல்லா யோசிங்க.”

தேவநேசன் யோசிக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். தட்டில் மீன் குழம்பை ஆறவிட்டு எழுந்து போனான். இரண்டாவது வாரம் எலிசாவே இறங்கி வந்தாள்.

“சரி, சனிக்கிழமை போலாம். ஆனா விலை நான்தான் பேசுவேன். நீங்க வாயத் திறக்கக் கூடாது.”

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அவள் பேரம் பேசுவதைப் பார்த்தவன் அவன். கல்யாணப் புடவையை அவள் பாதி விலைக்கு இறக்கியபோது கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே பில் போட்டார். அவள் முறை எளிது. விலை படியாவிட்டால் எழுந்து நடப்பாள், திரும்பிப் பார்க்க மாட்டாள். மூன்றாவது கடையைத் தாண்டுவதற்குள் “அம்மா, வாங்கம்மா” என்று குரல் வந்துவிடும்.

சனிக்கிழமை, குழந்தையைச் சபை ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு, கன் ஷோ என்கிற அந்தத் துப்பாக்கிச் சந்தைக்குப் போனார்கள். மேஜைக்குப் பின்னால் வெள்ளைத் தாடி வியாபாரி. நூற்று முப்பது என்று சீட்டு ஒட்டிய பிஸ்டலை எலிசா கத்திரிக்காய் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எங்க பக்கத்து வீட்டுக்காரர் பதினேழுன்னு சொன்னாரே?” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

அது வேறு காலம், வேறு பிஸ்டல், இன்றைக்கு அது ஐந்நூறு என்றார் அவர்.

“பழசாக ஆக விலை ஏறுமா? எங்க ஊர்ல பழசு போட்டா பிளாஸ்டிக் பக்கெட்தான் தருவாங்க.”

தாடிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த தவறுக்கு நூற்றிருபதானார். பிடியில் கீறல், நூற்றுப்பத்து. ரொக்கமாகத் தருகிறோம், நூறு. கடைசியில் “தொண்ணூற்றைந்து, அதற்குக் கீழே கிடையாது” என்று கையை விரித்தார். தேவநேசனின் கை பர்ஸுக்குப் போனது.

“டூ மச், அங்கிள்” என்று எலிசா அவன் முழங்கையைப் பிடித்து நடக்கத் தொடங்கினாள்.

“அடியே, தொண்ணூத்தஞ்சுக்கு வந்துட்டாரு.”

“பேசாம வாங்க. கூப்பிடுவாரு.”

கத்திக் கடை போனது. பெல்ட் கடை போனது. உப்புக்கண்டம் விற்கிற கடையும் போனது. யாரும் கூப்பிடவில்லை. வாசலில் பொறுக்க முடியாமல் தேவநேசன் திரும்பிப் பார்த்தான். அதே பிஸ்டலுக்கு ஒரு தொப்பிக்காரர் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

காரில் எலிசா தலையைக் குனிந்துகொண்டாள். “என் தப்புதாங்க. ஒரு வார்த்தை அதிகமாப் பேசிட்டேன்.”

அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை. துப்பாக்கி போனால் போகிறது. நேராக இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்டுக்கு வண்டியை விட்டான். அவள் வெகுநாளாய்க் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு வரும் வெட் கிரைண்டரை, சொன்ன விலைக்கே வாங்கி, பின்சீட்டில் ஏற்றினான்.

“வருத்தப்படாதம்மா. அந்த ஆள் கூப்பிடுவான்னு நீயும் நம்பித்தானே நடந்த?”

எலிசா சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

“வந்த நாள்லேர்ந்து கராஜ் சேல்ல பழைய சாமானுக்குப் பேரம் பேசறேங்க. இந்த ஊர்ல ஒருத்தர்கூட இதுவரைக்கும் திரும்பக் கூப்பிட்டதில்ல.”