முனி கேட்ட இரண்டு மூட்டை மண்

வெள்ளிக்கிழமை வந்தால் அந்த மேட்டடியில் கால் வைக்க இடம் கிடைக்காது. மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தை விட்டு சிம்பாங் பூலாய் ஊருக்குப் போக வேண்டுமானால் அந்தச் செம்மண் மேட்டில் ஏறித்தான் ஆக வேண்டும். முன்பெல்லாம் அங்கே குரங்குகள்தான் கூடும். 1926ஆம் வருஷத்தில் மனிதர்கள் கூட ஆரம்பித்தார்கள். குரங்குகள் மரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

மேட்டின் பாதியில் ஒரு வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அங்கே வந்ததும் தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போகும் அப்பாவுவின் வாடகை மோட்டாருக்குப் பின்சக்கரம் இரண்டும் அவ்வப்போது தடதடவென்று துள்ளும். சில சமயம் வண்டி ஏற மறுத்துப் பின்னால் வழுக்கும்.

வளைவில் முனி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நம் ஜனங்களுக்கு ‘யாரோ’ சொன்னால் போதும், வேறு சாட்சி வேண்டியதில்லை. முனியின் எதிரே சொகுசாக உட்கார்ந்து போகலாமா? எல்லோரும் மேட்டடியிலேயே இறங்கினார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே ஏறினார்கள். வெறும் வண்டியை அப்பாவு ஓட்டினான். அது முன்னைவிட அதிகமாகத் துள்ளியது. முனிக்குக் கோபம் கூடிவிட்டது என்று ஜனங்கள் இன்னும் பக்தியாக இறங்கினார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் சடைச்சாமி வந்து சேர்ந்தார். புலித்தோல் அகப்படவில்லை போலும், கோணியை விரித்து உட்கார்ந்தார். மூன்று நாள் கண்ணை மூடினார். நாலாம் நாள் திறந்து, “முனி மண்ணு கேக்குது” என்றார்.

மந்திரித்த மண் இரண்டு மூட்டை. ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். சீடர்கள் அவற்றைத் தூக்கிப் பின்சீட்டில் வைப்பார்கள். சாமி கற்பூரம் காட்டுவார். அப்பாவு வண்டியை விடுவான். என்ன ஆச்சரியம், வண்டி துள்ளாமல் ஏறிவிடும். உச்சியில் மூட்டைகளை இறக்கிக்கொண்டு சீடர்கள் திரும்புவார்கள். முனிக்குப் பழைய மண்ணே போதும். காணிக்கை மட்டும் ஏற்றத்துக்கு ஏற்றம் புதிதாக வேண்டும்.

அப்பாவு சாமியின் படத்தை வண்டியில் மாட்டாத குறைதான். அந்தப் பக்திக்குச் சோதனை அவன் வீட்டுக்குள்ளேயே வந்தது.

அவன் மனைவி நவமணிக்கு நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஒரு வாரத்துக்குள் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவு சாமியிடம் ஓடினான். சாமி உதட்டைப் பிதுக்கினார். பிள்ளைத்தாச்சி நிழல் வளைவில் விழுந்தால் முனி வண்டியையே பள்ளத்தில் தள்ளிவிடுமாம். இருபத்தோரு நாள் பூஜை செய்த பிறகுதான் கடக்கலாமாம்.

“இருபத்தோரு நாளா? உள்ள இருக்கிறது பூஜை முடியட்டும்னு காத்துக்கிட்டு இருக்குமா?” என்றாள் நவமணி.

“நான் என்ன செய்யட்டும் புள்ள. வண்டி வழுக்கி உனக்கு ஒன்னு ஆயிட்டா?”

“உங்க வண்டி எப்ப துள்ளாது, சொல்லுங்க.”

“சாமி மூட்டை இருந்தா துள்ளாது.”

“போன மாசம் அரிசி மூட்டை ஏத்திக்கிட்டுப் போனீங்களே, அப்ப?”

அப்பாவு யோசித்தான். அன்று சாமி காய்ச்சலில் படுத்திருந்தார். மண்ணும் இல்லை, கற்பூரமும் இல்லை. வண்டி துள்ளவும் இல்லை.

“முனி அரிசியும் திங்கும் போல” என்று இழுத்தான்.

நவமணி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் நவமணியின் நச்சரிப்பில் அப்பாவு ஈப்போவுக்குப் போய்க் கார்த்திகேசுவிடம் வண்டியைக் காட்டினான். கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர், ரயில் பட்டறையில் பிட்டர் வேலை. வண்டிக்கு அடியில் படுத்து ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்தார்.

“உம்மட முனியைக் கண்டன். வண்டியைத் தாங்கிற இந்த வில் பட்டையளுக்கை இருக்கிறார்” என்றார். “பட்டை நோஞ்சான். மேட்டில எஞ்சின் இழுக்கேக்க பின் அச்சு முறுகுது. முறுகினது சட்டெண்டு விடுபடேக்க சில்லு துள்ளுது. துள்ளுற சில்லு மண்ணை எப்பிடிப் பிடிக்கும்? பாரம் வைச்சால் அமத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். ரெண்டு பட்டை கூட்டி, அச்சிலயிருந்து சட்டத்துக்கு ஒரு இரும்புக் கம்பி முட்டுக் குடுத்தால் சரி.”

“சாமியக் கேக்காம கை வச்சா...”

“அப்ப சாமியையே கேளும். வெள்ளிக்கிழமை நானும் வாறன்.”

வெள்ளிக்கிழமை கூட்டம் நெரிந்தது. நவமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து கும்பிட்டாள்.

“சாமி, உங்க மந்திரம் அவ்வளவு பலம். எதுக்கு ரெண்டு மூட்டை? ஒரு சிட்டிகை மண்ணு போதாதா?”

சாமியின் முகம் ஒரு கணம் கறுத்தது. “முனி பெரிசு தாயி. மூட்டையாத்தான் கேக்கும்.”

“அப்ப மந்திரத்தப் பாக்கல, கனத்தத்தான் பாக்குதா?”

இங்கேதான் சாமிக்கு அவருடைய பக்தர்களே எமன் ஆனார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் காளியம்மா கையை உயர்த்தி, “ஏம்மா, எங்க சாமிய என்னன்னு நெனச்ச? ஒரு சிட்டிகை என்ன, அவுரு ஊதினாலே ஏறும்லா” என்றாள். “ஆமா, சாமி காட்டட்டும்” என்று கூட்டம் முழங்கியது. மறுத்தால் மந்திரம் பொய். ஒப்பினால் மானம் போகும். சாமி ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துப் பின் அச்சில் தூவிவிட்டு, வண்டியின் பின்னால் வெகு தூரம் தள்ளி நின்று கற்பூரம் காட்டினார்.

அப்பாவு குலசாமியை நினைத்துக்கொண்டு வண்டியை விட்டான். வளைவு வந்தது. தடதடதட. பின்சக்கரம் இரண்டும் தவளை போலத் துள்ளின. வண்டி நின்றது. பிறகு மெல்ல வழுக்கிக் கீழே வர ஆரம்பித்தது, நேராகச் சாமியை நோக்கி.

சாமி கற்பூரத் தட்டைப் போட்டார். சடையும் கழன்று விழுந்தது. “டேய், வேடிக்கை பாக்கிறீங்களே, ஏறிப் பின்னால குந்துங்கடா. பாரத்தப் போடுங்கடா பின்னால” என்று கத்தினார்.

கூட்டத்துக்குச் சொன்னதைச் செய்தே பழக்கம். பத்துப் பேர் பாய்ந்து பின்சீட்டிலும் படியிலும் தொற்றினார்கள். சக்கரம் மண்ணைக் கவ்வியது. வண்டி முனகிக்கொண்டே ஏறி உச்சிக்குப் போய்விட்டது. மூட்டையும் இல்லை, கற்பூரமும் இல்லை.

கார்த்திகேசு கீழே கிடந்த சடையைக் குடையால் புரட்டிப் பார்த்தார். வாழை நார்.

“பாரத்தின்ர சூட்சுமம் தெரியுது. எந்த லாரியில வேலைக்கு நிண்டனீர் காணும்?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

சாமியின் பெயர் சதாசிவம் என்பது அப்போதுதான் தெரிந்தது. “லகாட் சுரங்கத்துல. ஈயமண் லாரி, மூணு வருசம்” என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. “சும்மா வர்ற லாரி துள்ளும். கல்லத் தூக்கிப் பின்னால போடுவோம்.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை இருபத்தோரு நாள் இருக்கச் சொன்னியா?” என்றாள் நவமணி.

அவன் சீடர்களைத் தேடித் திரும்பினான். சீடர்களைக் காணோம். காணிக்கைப் பெட்டியையும் காணோம். கூட்டத்தின் நடுவில் அவன் ஒண்டியாக நின்றான். அப்பாவு கையை ஓங்கினான். பிறகு, மூன்று மாதம் அந்த மூட்டைகளைப் பயபக்தியோடு சுமந்தது தன் வண்டிதான் என்பது நினைவுக்கு வந்து, கையை இறக்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கார்த்திகேசு பட்டறையில் இரண்டு வில் பட்டை கூட்டினார். அச்சிலிருந்து சட்டத்துக்கு இரும்புக் கம்பி முட்டு வைத்தார். திங்கட்கிழமை காலை நவமணி பின்சீட்டில் ஒய்யாரமாக உட்கார்ந்து அதே வளைவில் ஏறினாள். அவள் நிழல் பாறையில் நன்றாகவே விழுந்தது. சக்கரம் ஒரு தடவை கூடத் துள்ளவில்லை. புதன்கிழமை டாக்டர் பிள்ளையை எடுத்தார், பெண். தாயும் பிள்ளையும் நலம்.

இத்தோடு ஜனங்கள் திருந்தினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

பத்து நாள் கழித்து நவமணி பிள்ளையோடு வீடு திரும்பினாள். மேட்டடியில் அப்பாவு வண்டியை நிறுத்தினான். காளியம்மா தலைமையில் ஒரு கும்பல் தட்டோடு காத்திருந்தது. அவள் குனிந்து வண்டிக்கு அடியில் கையை விட்டு, புது இரும்புக் கம்பிக்குக் குங்குமம் வைத்தாள். பூச்சரம் சுற்றினாள். “கம்பிச்சாமி காப்பாத்தணும்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நவமணி பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

“அக்கா, அவ்வளவு தூரம் குனிஞ்சீங்களே, அந்தக் கம்பி எத எதோட பிடிச்சிருக்குன்னு கொஞ்சம் பாத்துட்டு எந்திரிங்க. நீங்க பாக்காட்டி, அடுத்த வெள்ளிக்கிழமை இதுக்கும் ஒரு சாமி கோணிய விரிச்சிருவான்.”