படகின் முன் இருக்கை

டெல்மர் வாழ்க்கையில் இரண்டே விஷயங்களை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒன்று, செப்டம்பர் கடைசி வாரம் டக்கர் அணை ஏரியில் தன்னந்தனியாக மீன் பிடிப்பது. இரண்டு, அங்கே படகின் முன் இருக்கை. மற்றதையெல்லாம் கல்யாணமான முதல் வாரத்திலேயே மனைவி ஓபலிடம் ஒப்படைத்துவிட்டார்.

முன் இருக்கை என்றால் சாதாரணமில்லை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் அதற்காக அண்ணன் தம்பிக்குள் பேச்சே நின்றுபோயிருக்கிறது. முன்னால் இருப்பவர் காலடியில்தான் சின்ன மோட்டாரின் மிதி. படகு போகும் திசையை அந்தக் கால்தான் தீர்மானிக்கும். நல்ல இடத்தில் முதல் வீச்சும் அவருடையது. பின்னால் இருப்பவருக்கு மிச்சம், கலங்கின தண்ணீரும் முன்னவர் முதுகும்.

இந்த வருஷம் ஓபல் தானும் வருவதாகச் சொன்னாள். முன் இருக்கையும் வேண்டுமாம். இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. முதல் நாள் ஆளுக்குப் பாதி நேரம் முன் இருக்கை. யார் பிடிக்கும் பாஸ் மீன் பெரியதோ, அவருக்கே இனி அந்த இருக்கை சொந்தம். ஓபல் தோற்றால் இனிமேல் செப்டம்பரில் வீட்டோடு இருப்பாள். டெல்மருக்கு அந்தக் கடைசி நிபந்தனையை நினைக்க நினைக்கத் தித்தித்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் சொல்லிக் குடேன்” என்று ஓபல் கேக் செய்முறை எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தாள்.

உண்மை என்னவென்று அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். இலையுதிர் காலம் தொடங்கித் தண்ணீர் குளிர ஆரம்பித்ததும், ஷாட் என்கிற வெள்ளிப் பொடிமீன்கள் ஓடைகளின் கோடிக்குப் போய்விடும். பாஸ் அவற்றைத் துரத்திக்கொண்டு போகும். விடியற்காலையில் அங்கே மிதக்கும் பொம்மை இரையை வீசினால் போதும். டெல்மர் இதை அப்படியே கவிழ்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பாதிரியார் குரலை வரவழைத்துக்கொண்டார்.

“இந்த சீசன்ல பாஸ் காலைல அசந்து தூங்கும். மத்தியானம்தான் கடிக்கும்.”

“ஓகோ.”

“ஓடைப் பக்கம் எட்டியும் பாக்காதே. வெறும் சேறு. அணைகிட்ட ஆழத்துல கனமான ரப்பர் புழுவை இறக்கிட்டு அசையாம உக்காரு.”

“மிதக்கிற இரை?”

“பாக்க அழகா இருக்கும். அவ்வளவுதான்.”

ஓபல் ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடு போட்டாள். பிறகு பேனாவை மூடினாள்.

“அப்போ மத்தியானம்தான் நல்ல நேரம். அதை நீயே வச்சுக்கோ, கண்ணு. ஒண்ணுக்கும் உதவாத காலை நேரம் எனக்குப் போதும்.”

டெல்மர் வாயைத் திறந்தார். அதில் ஒரு பிஸ்கட்டைப் போட்டு மூடிக்கொண்டார். நேரம்தானே போனது, இடமும் இரையும் நம் பொய்ப்படிதானே நடக்கப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

விடியும்போது ஏரியில் பனி மூட்டம். ஓபல் மிதியில் கால் வைத்தாள். படகு அணைக்கு முதுகைக் காட்டித் திரும்பியது.

“ஓபல், அணை அந்தப் பக்கம்.”

“அப்படியா? மிதி புதுசு, கால் இன்னும் பழகல.”

பழகாத அந்தக் கால், ஓடையின் கடைசி வளைவு வரை ஒரு பாறையில்கூட இடிக்காமல் படகைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு மேல் டெல்மர் எப்படித் தடுப்பார்? தடுத்தால் தன் பொய்யைத் தானே ஒப்புக்கொள்ள வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அங்கே பொடிமீன்கள் மழைத்துளி போலத் துள்ளிக்கொண்டிருந்தன. ஓபல் ஒரு தகர டப்பாவிலிருந்து மிதக்கும் இரை ஒன்றை எடுத்தாள். டெல்மர் தன் காலுறை அலமாரியில் ஒளித்து வைத்திருந்த அதிர்ஷ்ட இரை. மூன்றாவது வீச்சில் தண்ணீர் வெடித்தது.

ஐந்தே முக்கால் பவுண்டு. எடை போட்டு, டெல்மரையே படம் எடுக்கச் சொல்லி, மீனுக்கு நன்றி சொல்லித் தண்ணீரில் விட்டாள்.

மத்தியானம் முன் இருக்கை டெல்மருக்கு வந்தது. வெயிலும் வந்தது. பாஸ்தான் வரவில்லை. ஓடை, அணை, மறுபடி ஓடை என்று சுற்றி, இருட்டுவதற்குள் ஒன்றே ஒன்றைப் பிடித்தார். ரப்பர் புழு அதைவிடக் கொஞ்சம் நீளம். ஓபல் அதையும் அக்கறையாகப் படம் எடுத்தாள்.

கரையில் படகைக் கட்டும்போது அவரால் பொறுக்க முடியவில்லை.

“யார் உனக்குச் சொல்லிக் குடுத்தது? தூண்டில் கடைக்காரன்தானே?”

“நீதான்” என்று நோட்டை நீட்டினாள். “பொய் சொல்றப்ப உனக்குப் பாதிரியார் குரல் வந்துடும். முப்பத்தோரு வருஷமாக் கேக்கறேன். அந்தக் குரல்ல வந்ததையெல்லாம் எழுதிக்கிட்டேன். ஒண்ணு விடாம மாத்திச் செஞ்சேன்.”

மறுநாள் விடியலில் டெல்மர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஓபல் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“இன்னைக்கு எந்தப் பக்கம் போகலாம், சொல்லு கண்ணு. எதிர்ப்பக்கம் திருப்பணும்.”