ஏழு முறையும் தொண்ணூற்றைந்து

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிய கையோடு ஒரு பிரகடனம் செய்தேன்.

"இன்னியிலேர்ந்து இந்த வீட்ல அளக்கிற வேலையெல்லாம் என் பொறுப்பு."

மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சரிங்க. பக்கத்து வீட்டம்மா ரவிக்கைக்கு அளவு கொடுக்க வர்றாங்க. எடுத்துடுங்க."

"அதை மட்டும் நீ பாத்துக்கோ."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் புத்தகங்களோ கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. கூடத்தில் சுவருக்கும் தூணுக்கும் நடுவே ஓர் இடம். அதில் புத்தக அலமாரி வைக்க வேண்டும் என்பது என் நான்கு வருடக் கனவு. அதே இடத்தில் மெஷினை வைக்க வேண்டும் என்பது அவளுடைய நான்கு வருடக் கனவு.

"அலமாரி கச்சிதமா உள்ள போச்சுன்னா இடம் எனக்கு. போகலைன்னா உனக்கு" என்றேன்.

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"படிச்சவன் பேச்சு மாற மாட்டான்."

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் நோட்டோடு வந்தாள். வீட்டில் எதையாவது அளந்து, அதை வைத்து ஒரு கணக்கு எழுதி வரச் சொல்லியிருந்தார் அவளுடைய டீச்சர். அறிவு புகட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? மனைவியின் இஞ்சு டேப்பைக் கேட்டேன். சிரித்தபடி நீட்டினாள்.

"என்னங்க, டேப் எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்து…"

"டேப் எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கே பாடம் எடுக்கறியா?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க."

மகள் நுனியைச் சுவரோடு அழுத்திப் பிடித்தாள். நான் தூண் பக்கம் குனிந்து படித்தேன். தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர். எனக்கு எதிலும் ஒரு பயம் உண்டு. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன் நான். அதனால் ஏழு முறை அளந்தேன். ஏழு முறையும் தொண்ணூற்றைந்து.

"நான் வந்து ஒரு தடவை அளந்துக்கட்டுமா சார்?" என்று தச்சர் போனில் கேட்டார்.

"வேண்டாம். ஏழு தடவை அளந்தாச்சு."

புதன்கிழமை அலமாரி வந்தது. சுவரோரம் நுழைந்தது. தூணில் முட்டி நின்றது.

"தள்ளுங்க!"

"இதுக்கு மேல தள்ளினா தூண்தான் சார் நகரணும்."

"தொண்ணூத்தஞ்சு சொன்னேனே!"

தச்சர் தன் இரும்பு டேப்பை இழுத்துக் காட்டினார். "அலமாரி தொண்ணூத்தஞ்சுதான். இடம்தான் தொண்ணூறு."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் இஞ்சு டேப்பின் நுனியை என் மூக்குக்கு நேரே பிடித்தாள். முதல் எண் ஆறு.

"நுனி நைஞ்சு போச்சுன்னு அஞ்சு சென்டிமீட்டரை வெட்டிட்டேன். எந்த அளவு எடுத்தாலும் அஞ்சைக் கழிச்சுக்குவேன்."

"இதை ஏன் சொல்லலை?"

"சொல்ல வந்தேன். விட்டீங்களா?"

"ஏழு தடவை அளந்தேனே!"

"ஏழு தடவையும் இதே டேப்தானே?"

தச்சர் தன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அலமாரி எதிர்ச்சுவருக்குப் போயிற்று. "இவ்வளவு பெரிசைச் சும்மா போடக் கூடாது" என்று மாலைக்குள் ஐந்து தட்டுகளிலும் அவளுடைய துணிகள் ஏறிவிட்டன. தூணோரம் மெஷின் சொகுசாக உட்கார்ந்தது. என் புத்தகங்கள் கட்டிலுக்கடியிலேயே இருக்கின்றன.

நேற்று மகளின் நோட்டைப் புரட்டினேன். முத்துமுத்தான கையெழுத்து: 'டேப்பில் முதல் 5 செ.மீ. இல்லை. ஒருவர் அதைப் பார்க்காமல் ஏழு முறை அளந்து, 95 செ.மீ. என்றார். சரியான அளவு என்ன?'

பத்துக்குப் பத்து. கீழே சிவப்பு மையில் டீச்சரின் குறிப்பு: 'அருமையான கணக்கு. ஆனால் ஏழு முறையும் பார்க்காதவர் யாராவது இருப்பாரா? நம்பும்படி எழுதவும்.'