டெல்மரின் முதுகுவலியும் என் பல்வலியும்

விஸ்கான்சின்,
நவம்பர் கடைசி ஞாயிறு.

அன்பும் மரியாதையும் உள்ள லவெர்ன் அக்காவுக்குத் தம்பி நார்பர்ட் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவாறு காலம் தள்ளுகிறோம். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. "அப்பாவோட கட்சிய விட்டுட்டியாமே, நெஜமா?" என்று ஒரே வரி. பனி விழுந்ததா என்றுகூடக் கேட்கவில்லை. என் வீட்டு முற்றத்தில் இந்த வருடம் ஜனநாயகக் கட்சியின் தேர்தல் அட்டை இல்லாததை யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு டெல்மர் குடியரசுக் கட்சிக்காரன். என் ஓட்டை அவன் ஓட்டு அடித்துவிடும், அவன் ஓட்டை என் ஓட்டு அடித்துவிடும், பிறகு எதற்கு இரண்டு பேரும் குளிரில் வரிசையில் நிற்க வேண்டும் என்று இருபத்தெட்டு வருடமாக அதிபர் தேர்தலன்று நாங்கள் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறோம் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கோடையில்தான் எனக்குள் ஏதோ நகர்ந்தது. அப்பா வேலை பார்த்த காகித ஆலையை மூடியபோது எட்டிப் பார்க்காத ஆட்கள் இப்போது தினமும் கதவைத் தட்டி என் கருத்தைக் கேட்கிறார்கள். நம் மாநிலம் எந்தப் பக்கம் சாயும் என்று நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்து நினைத்துப் பல நாள் சாப்பாடு இறங்கவில்லை.

தேர்தலன்று டெல்மரிடம் பல்வலி, ஏரிக்கு வர முடியாது என்றேன். "பரவால்லடா, எனக்கும் முதுகு புடிச்சிருக்கு," என்றான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஊர் மண்டபத்தில் வாக்காளர் பட்டியலோடு ஜெனிவீவ் உட்கார்ந்திருந்தாள். பேரும் விலாசமும் வாய்விட்டுச் சொன்னால்தான் இங்கே வாக்குச் சீட்டு. மெதுவாகச் சொன்னேன்.

"சத்தமா சொல்லு நார்பர்ட்."

"எதிர் வீட்டுக்காரிதானே நீ, என் விலாசம் தெரியாதா?"

"சட்டம்னா சட்டம்தான்."

கத்திச் சொல்லிவிட்டு மறைப்புக்குள் போய்ப் பேனாவை எடுத்தேன். வெளியே இன்னொரு குரல் பேரும் விலாசமும் சொன்னது. விலாசம் என் வீட்டுக்கு அடுத்த எண். வெளியே வந்தால் டெல்மர் சீட்டும் கையுமாக நிற்கிறான்.

"பல்லு எப்படி இருக்கு?" என்றான்.

"முதுகு எப்படி இருக்கு?" என்றேன்.

அதன் பிறகு பேச்சே இல்லை. வாராவாரம் நாங்கள் சேர்ந்து சாப்பிடும் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு, இரண்டு வாரம் மதுக்கடையில் அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை. அந்த மீன் எனக்கு ருசிக்கவே இல்லை அக்கா. மூன்றாவது வெள்ளி அவனே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"உன் கட்சிக்குத்தான் போட்டேன்டா. நர்ஸ் வேலைல என் மக படற பாட்டப் பாத்து மனசு கேக்கல. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"நான் உன் கட்சிக்குப் போட்டேன்," என்றேன்.

இருமல் வருகிற வரை சிரித்தான். "அப்ப மறுபடியும் சமம். பேசாம மீனே புடிச்சிருக்கலாம்."

ஆகவே அக்கா, நீ கேள்விப்பட்டது நிஜம். அப்பாவின் படத்தைப் பார்க்கும்போது என் சார்பாக ஒரு வார்த்தை சொல். அத்தானுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி.

உன் தம்பி,
நார்பர்ட்

பின்குறிப்பு: தன்னைப் பற்றிச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று டெல்மர் மேலே உள்ளதை வாசித்துப் பார்த்துத் தலையாட்டினான். இந்தப் பின்குறிப்பை மட்டும் திங்கட்கிழமை தபால் நிலையத்தில் நின்று எழுதுகிறேன். மாற்றிப் போடத்தான் அந்த மறைப்புக்குள் போனேன். அவன் குரல் கேட்டதும், என்னை ஏமாற்றிவிட்டுத் தன் கட்சிக்குப் போட வந்துவிட்டானே, அந்த ஓட்டை அடித்தே ஆக வேண்டும் என்ற ஆத்திரத்தில் அப்பாவின் கட்சிக்கே போட்டுவிட்டேன். இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே பக்கம். அவனிடம் சொல்லிவிடாதே. சமம் என்று நம்பித்தான் மறுபடி என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்.