கடுகு இருந்த விரதம்

கடுகின் கண்ணைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் காசி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் காலித் தட்டு நகரும் சத்தம் கேட்டது. கடுகு அதை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்தது. கூடத்தின் அந்தக் கோடியில் தொடங்கி, நாற்காலியைச் சுற்றி, காசியின் இடுப்பில் இடிக்கும்வரை தள்ளிவிட்டு நின்றது. மணி காலை ஆறரை.

"இல்லடா ராஜா. இன்னிக்கு கெடயாது."

கடுகு தட்டை இன்னும் ஒரு விரற்கடை தள்ளியது. புரியாத மனிதருக்கு வேறு எப்படித்தான் சொல்வது?

கடுகுக்கு ஒன்பது வயது. எடை ஐந்து கிலோ, அதில் பாதி முடி. காசியின் மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன நாய். "ஒரு வாரத்துல வந்து எடுத்துனு போயிடணும், சொல்லிட்டேன்" என்று காசி அன்று கறாராகச் சொன்னார். அது ஆறு வருஷத்துக்கு முன்னால். இப்போது மகளின் பிரசவத்துக்காக மனைவி ரேவதியும் பெங்களூர் போய்விட, வீட்டில் காசியும் கடுகும்தான். பஞ்சர் கடையை மூடிவிட்டு வந்தால் பேச்சுத்துணை அதுதான். பதில்கூடச் சொல்லும் என்பார் காசி. நாம் ஏன் மறுக்க வேண்டும்?

இரண்டு மாதமாகக் கடுகின் வாய் நாறியது. அது கொட்டாவி விட்டால் காசி எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார். அப்புறம் ஒரு பக்கமாகவே மென்றது. அப்புறம் சோற்றைப் பார்த்தாலே முனக ஆரம்பித்தது. செங்கம் ரோட்டில் சின்னதாக நாய் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் ரூபீனா வாயைத் திறந்து பார்த்தார்.

"பல்லு பூரா காரை. ஈறுல சீழ் கட்டிருக்கு. மயக்கம் குடுத்துதான் சுத்தம் பண்ணணும். ஆடற பல்ல எடுத்துடணும்."

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வேலூரிலிருந்து மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் வருவார். போன மாதமே காசிக்குத் தேதி கிடைத்தது. ஆனால் தெருமுனை டீக்கடை முருகவேல், தன் மாமா வீட்டு ஆட்டுக்கு மயக்க ஊசி போட்ட கதையை அன்று பார்த்துச் சொல்லித் தொலைத்தான். அந்த ஆடு எழுந்திருக்கவே இல்லையாம். காசி பாதி வழியில் கடுகோடு திரும்பிவிட்டார். அந்த ஒரு மாதத்தில் சீழ் தாடைக்கு இறங்கிவிட்டது. இன்னொரு மாதம் தாங்காது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால் இந்தத் தடவை காசி யாரிடமும் மூச்சு விடவில்லை. யாராவது ஒரு வார்த்தை பயமுறுத்தினால் போதும், தன் கால் தானாகத் திரும்பிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

டாக்டரம்மாவின் நிபந்தனை ஒன்றுதான். "நைட்டு பத்து மணிக்கு மேல ஒரு பருக்ககூடக் குடுக்காதீங்க. காலையில ஆறு மணிக்குத் தண்ணியும் எடுத்துடுங்க. வயித்துல எதனா இருந்தா மயக்கத்துல வாந்தி வரும். அது மூச்சுக்குழாய்ல பூந்துச்சுன்னா அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' காசியைத் தூங்கவிடவில்லை. ராத்திரி தோசையைப் பிட்டபோது கடுகு பார்த்த பார்வையில், அதையும் அப்படியே மூடி வைத்துவிட்டார். சர்க்கரை வியாதிக்காரர் செய்கிற காரியம் இல்லைதான். ஆனால் அந்தக் கண்ணுக்கு எதிரில் எந்த வியாதிக்காரரால் சாப்பிட முடியும்?

இத்தனைக்கும் கடுகு ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை தெருதான். அடி அண்ணாமலையில் அந்தத் தெருவுக்கே கடுகு செல்லப்பிள்ளை. பக்கத்து வீட்டு ஜோதியம்மாளிடம் இட்லி, எதிர்வீட்டுப் பீபி ஜானிடம் பாலில் நனைத்த ரொட்டி, முருகவேல் கடையில் பொறை பிஸ்கட் என்று தினமும் காலையில் ஒரு சுற்று போய் வரும். அதனால் காசி விடியும்போதே கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்.

ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"ஏம்பா காசி, கதவ ஏன் சாத்தி வெச்சிக்கிற? உள்ள பிள்ள அழுவற சத்தம் கேக்குது."

ஜோதியம்மாள்தான். கையில் எவர்சில்வர் தட்டு. நாலு இட்லி, மேலே சுடச்சுடக் காரச் சட்னி. "கடுகுக்கு" என்றாள்.

காசி வாசலை மறித்து நின்றார். காலடியில் கடுகு பின்னங்காலில் எழும்பி நின்று ஆடியது.

"வேணாங்க்கா. அவன் வந்து... இன்னிக்கு விரதம்."

"யாரு, நாயா?"

"பௌர்ணமி இல்லிங்களா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ஆனால் ஜோதியம்மாள் சிரிக்கவில்லை. தீவிரமாக யோசித்தாள்.

"விரதம்னா சோறுதான துன்னக்கூடாது? டிபன் சாப்டலாம். நான் கிருத்திகைக்கு இட்லிதான் துன்றேன். இந்தா, புடி. தட்டு எனக்கு உடனே வேணும்."

தட்டை அவர் கையில் திணித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தே விட்டாள். காசி சமையலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார். எங்கே ஒளித்து வைத்தாலும் கடுகின் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஜன்னல் வழியாக எறியலாம் என்றால், நேர் கீழே ஜோதியம்மாள் வீட்டுத் துளசிச் செடி. வேறு வழியில்லை. வெளியே கதவு பிறாண்டப்படும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, கண்ணில் நீர் முட்ட, நாலு இட்லியையும் வாயில் அடைத்துக்கொண்டார்.

"நல்லா சாப்ட்டானா?" என்று தட்டை வாங்கிப் பார்த்தாள் ஜோதியம்மாள்.

"ம்ம்" என்றார் காசி. அதற்குமேல் வாயில் இடமில்லை.

அவள் போனதும் காசிக்குக் கோபம் வந்தது. நாய்க்கு யாராவது காரச் சட்னி கொடுப்பார்களா? பாசம் இருந்தால் மட்டும் போதுமா, கொஞ்சம் அறிவும் வேண்டாமா?

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஜன்னலில் பீபி ஜானின் முகம் தெரிந்தது.

"என்னாப்பா, கடுகு விரதமாமே? ஜோதி சொன்னா."

இந்தத் தடவை காசி உஷாராக இருந்தார். டிபனுக்கு இடம் கொடுக்காத விரதமாகச் சொல்லிவிட வேண்டும். "நம்ம விரதம் இல்ல பீபிம்மா. உங்க நோன்பு மாதிரி. பச்சத் தண்ணிகூட பல்லுல படக்கூடாது."

அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தார். அறுபது ரம்ஜான் பார்த்த பெண்மணியிடம் நோன்பைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப ஸஹருக்கு என்னா குடுத்தே?"

"என்னாதுங்க?"

"விடியறதுக்கு முன்னாடி சாப்டறது. அது சாப்டாம நோன்பு புடிச்சா ஒடம்பு தாங்காது. குடுத்தியா, இல்லியா?"

"இல்லிங்க..."

"அரே அல்லா! வாயில்லா ஜீவனுக்குப் போய் யாராச்சும் அப்டி பண்ணுவாங்களா? இரு."

போன வேகத்தில் திரும்பி வந்தாள். ஜன்னல் கம்பிக்குள் ஒரு சொம்பு நுழைந்தது. மோர் ஊற்றிக் கரைத்த கேழ்வரகுக் கூழ், அதில் நறுக்கிய சின்ன வெங்காயம்.

"பீபிம்மா, வெங்காயம் நாய்க்கு வெஷம்!"

"அப்டியா? எனக்கென்னா தெரியும். சொம்ப சாய்ச்சேன்னா ஊத்திக்கும், சீக்கிரம் புடி."

சொம்பு ஏற்கெனவே சாயத் தொடங்கியிருந்தது. கீழே கடுகு வாயைத் திறந்து, நாக்கை நீட்டித் தயாராக நின்றது. காசி இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"கொலகாரங்க" என்று முனகிக்கொண்டே காய்கறிக் கூடையை எடுத்தார். உள்ளே தன் பழைய லுங்கியை மடித்துப் போட்டு, கடுகை அதில் உட்கார வைத்துத் துண்டால் மூடிக்கொண்டு கிளம்பினார். இனி ஒரு நிமிஷம் இந்தத் தெருவில் இருந்தாலும் ஆபத்து.

தெருமுனையில் முருகவேல் மறித்தான். "காசிண்ணே! எங்க கூடையோட? கடுகுக்கு எதோ வேண்டுதலாமே?"

விரதம் பத்து நிமிஷத்தில் வேண்டுதல் ஆகியிருந்தது.

"வழிய வுடு முருகவேலு."

"வேண்டுதலுக்குப் போற ஜீவன வெறும் வயித்தோட அனுப்பலாமாண்ணே? இந்தாங்க. சக்கர போடல." ஒரு கையில் டீ, மறு கையில் மசால் வடை. வடை கூடையை நோக்கி வந்தது. துண்டு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது.

காசி வடையைத் தட்டிப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார். டீயையும் பிடுங்கிக் குடித்தார். சூட்டில் நாக்கு வெந்துபோயிற்று. ஆட்டுக் கதை சொன்னவன் கையாலேயே கடுகு போய்ச் சேர வேண்டியது, நல்லவேளை.

பௌர்ணமி என்பதால் கிரிவலப் பாதையில் வண்டி விடவில்லை. நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதுவும் எதிர்த்திசையில். ஊரே மலையை வலம் வந்துகொண்டிருக்க, காசி மட்டும் கூடையோடு இடமாகப் போனார்.

"ஏம்பா, அப்டி சுத்தக்கூடாது! திரும்பு!" என்றார்கள் சிலர்.

"கூடையில என்னா, பிரசாதமா?" என்றார்கள் சிலர்.

துண்டுக்குள்ளிருந்து இரண்டு காது எட்டிப் பார்த்ததும் நிலைமை மோசமாயிற்று. பைரவருக்குப் போட்டால் புண்ணியம் என்று ஆளாளுக்கு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார்கள். காசி இடது கையால் தடுத்தார், முழங்கையால் தடுத்தார், கடைசியில் கூடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார். அப்படியும் உயரமான ஒரு பக்தர் எட்டிப் போட்டுவிட்டார்.

கூடையை இறக்கிப் பார்த்தால், கடுகின் வாயில் முழு பிஸ்கட்.

காசி அப்படியே சாலையோரம் மண்டியிட்டார். ஒரு மாதமாகக் கடுகு வாயைத் தொடவே விடுவதில்லை. தொட்டால் உயிர் போகிற வலி. டாக்டரம்மாவையே கவ்விவிட்டது.

"குடுத்துடுடா கண்ணா. இது மட்டும் வேணாம். உன்ன வுட்டா எனக்கு வூட்ல யாரு இருக்கா?"

விரலை வாய்க்குள் விட்டார். கடுகு முனகியது. ஆனால் கடிக்கவில்லை. பசியோடு, வலியோடு, அவர் முகத்தையே பார்த்தபடி தாடையைத் திறந்து கொடுத்தது. பிஸ்கட் நனைந்து முழுசாக வெளியே வந்தது. காசி அதைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த நாற்றம் பிடித்த வாயிலேயே ஒரு முத்தம் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் உதவியாளர் ரேணுகாம்பாள் காத்திருந்தாள். ஐம்பது வயதுக்காரி, கலகலப்பானவள். காசியை ஏற இறங்கப் பார்த்து, "அண்ணா, நீங்க நல்லாதான இருக்கீங்க? தலகில சுத்துதா?" என்றாள்.

"எனக்கென்னா? அவனப் பாரும்மா."

டாக்டரம்மா கூடையை வாங்கியதும் மூக்கைச் சுளித்தார். "வெங்காய வாசன வருதே. எதனா குடுத்தீங்களா?"

"சத்தியமா அவனுக்கு ஒண்ணும் குடுக்கல டாக்டர். அது நான். இட்லி, கூழு, வட எல்லாம் நான்தான்."

"நாய் பட்டினி, நீங்க மட்டும் ஒரு கட்டு கட்டிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. காசிக்குக் கூசியது.

ஒரு தாளை நீட்டினார்கள். மயக்கத்தில் எது நேர்ந்தாலும் சம்மதம் என்று எழுதியிருந்தது. காசி மூன்று தடவை படித்தார். ஆட்டு ஞாபகம் வந்தது. கால் லேசாக வாசல் பக்கம் திரும்பியது. அப்போது மேஜையிலிருந்து கடுகு அவர் சட்டைப் பொத்தானை நக்கியது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஒன்றரை மணி நேரம். காசி பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பசு, கன்று முதற்கொண்டு மனப்பாடம் செய்தார். மலை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். பீபி ஜானின் அல்லாவையும் விட்டுவைக்கவில்லை.

கதவு திறந்தது. "அண்ணா, முழிச்சிட்டான். ஏழு பல்லு எடுத்தாச்சு. வாங்க."

கடுகு கம்பளியில் சுருண்டு கிடந்தது. நாக்கு ஓரமாகத் தொங்கியது. காசியின் வாசனை பட்டதும் வாலின் நுனி மட்டும் இரண்டு தடவை அசைந்தது. காசி விம்மி விம்மி அழுதார். வெட்கமெல்லாம் படவில்லை.

"சாவு வாசல் வரிக்கும் போயிட்டு வந்துட்டான் ரேணுகா" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எங்க தெருவுல மூணு பேரு இருக்காங்க. காலையிலேர்ந்து இவனுக்கு எதையாச்சும் ஊட்டிக் கொல்லணும்னே அலஞ்சாங்க. நான் ஒருத்தன் இல்லன்னா..."

ரேணுகாம்பாள் அதைக் கேட்கவில்லை. போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அண்ணி, முழிச்சிட்டான். ஆமா, நல்லா இருக்கான். இவரும் தெம்பாதான் இருக்காரு, அழுவறாரு. பீபிம்மாகிட்டயும் முருகவேல்கிட்டயும் சொல்லிடுங்க."

காசி நிமிர்ந்தார். "யாரு அண்ணி?"

"ஜோதியம்மாதான். எங்க அண்ணன் சம்சாரம்."

"அவங்களுக்கு மயக்க ஊசி சமாச்சாரம் எப்டித் தெரியும்? நான் யாருக்கும் சொல்லலியே!"

"நான்தான் நேத்தே சொல்லிட்டேன்ணா, நாய் பட்டினின்னா நீங்களும் பட்டினி கெடப்பீங்க, சக்கரக்காரு வழியில மயங்கி வுழுந்துட்டா கடுக யாரு தூக்கினு வருவாங்க, உங்களுக்குன்னு குடுத்தா தொட மாட்டீங்க, நாய்க்குன்னு நீட்டினாதான் புடுங்கித் துன்னுவீங்கன்னு மூணு பேரும் ராத்திரியே பேசி வெச்சிக்கினாங்க."