செத்தவருக்கு வந்த வேலைக் கடிதம்

பிள்ளைகளே, உங்கள் அப்பா ஒருமுறை நாற்பது பேருக்கு முன்னால் தன்னைத்தானே செத்தவர் என்று அறிவித்தவர்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, பனிக்காலம். மூத்தவள் அம்மாவின் வயிற்றில். நான் கனடாவில், டோர்வல் விமான நிலையத்தில் தற்காலிகத் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். ஆறு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். புவாண்ட்-கிளேர் அலுவலகத்திலிருந்து மனேஜர் அந்த ஆறு பேருக்கான கடிதங்களை ஒரு பெட்டியில் கொண்டுவந்து, எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். நான் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி நின்றேன் (கடிதத்துக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்).

“மிஸ்டர் சின்னத்துரை!”

அது என் அப்பாவின் பெயர். ஊரில் அப்பாவின் பெயரை முன்னால் போட்டுத்தான் எங்கள் பெயரை எழுதுவோம். கனடாக் கடதாசிகளில் அது என் குடும்பப் பெயராகிவிட்டது. வேலையிடத்தில் நான் வெறும் ‘யோகா’. அகதி விசாரணை தொடங்கி எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களில் அப்பாவைப் பற்றிக் கேட்கக் கேட்க, என் வாய் ஒரே பதிலுக்குப் பழகியிருந்தது.

“ஹீ இஸ் டெட், சேர்” என்றேன், பணிவாக.

ஒரு ஹெயிட்டிப் பெண் சிலுவை போட்டாள். மனேஜர் கம்பளித் தொப்பியைக் கழற்றினார்.

“எப்போது?”

“பத்து வருசம், சேர்.”

அவர் தாளைப் பார்த்தார். “நேற்று இரண்டு மணித்தியாலம் ஓவர்டைம் செய்திருக்கிறாரே!”

கடிதம் பெட்டிக்குள் திரும்பிப் போனது. பக்கத்தில் நின்ற வில்சன் அண்ணை என் விலாவில் இடித்தார். “டேய் விசரா, அது நீயடா! ஓடு!”

ஓடினேன். “ஐ ஆம் சின்னத்துரை! நொட் டெட்!”

நாற்பது பேரும் சிரித்தார்கள். மனேஜர் என் அடையாள அட்டையையும் எண்ணெய்த் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் கடிதத்தைத் தந்தார்.

பஸ்ஸில் வில்சன் அண்ணை (திருகோணமலையில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர்) பாடம் எடுத்தார். “இதுக்கு இங்கிலீஷில ‘இக்னொமினி’ எண்டு ஒரு சொல் இருக்கு. மானம் போறது. லத்தீனில ‘நோமென்’ எண்டால் பெயர். அதுக்கு முன்னால ‘இல்லை’ எண்டதை ஒட்டினால், பெயரில்லாமல் போறது. பெயர் கெட்டுப்போச்சு எண்டு எங்கட சனமும் சொல்லுறதுதானே?”

“அப்ப எனக்கு வந்தது அதுதானோ, அண்ணை?”

“அதுக்கும் மேல. நீ கொப்பரின்ர பெயரையும் எல்லே சேர்த்துப் புதைச்சனீ!”

இப்போதும் அம்மா சாப்பிடக் கூப்பிட்டு நான் வராவிட்டால், “ஹீ இஸ் டெட்” என்று கத்துகிறீர்கள். கத்துங்கள்.

ஆனால் ஒன்று உங்களுக்குத் தெரியாது. அன்று என் தரிப்பிடத்தில் தனியாக இறங்கினேன். அப்பாவைப் பெயர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. “சின்னத்துரை!” என்று சத்தமாகக் கூப்பிட்டேன். பிறகு கையை உயர்த்தி, “ஓம், நான்தான்” என்றேன்.