டிரையருக்குள் போன இருபத்திரண்டு சிற்பங்கள்

ஆசிரியர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தாங்கள் சொல்லிக்கொடுப்பது தங்களுக்கும் தெரியும் என்று நம்பிவிடுவார்கள். எனக்கு அந்த வியாதி இருபத்தாறு வயதில் உச்சத்தில் இருந்தது. அது எப்படி இறங்கியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். (முழுவதும் இறங்கவில்லை என்று என் கணவர் சொல்வார். அவரை நம்பாதீர்கள்.)

கோயமுத்தூரில் பிறந்து, ஓவியச் சிற்பப் பட்டயம் முடித்து, கல்யாணமாகிக் குன்னூர் பக்கம் வந்தவள் நான். கணவர் ஒரு தேயிலை பேக்டரியில் டீ மேக்கர், பச்சை இலை தூளாகும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மிஸ். தேயிலை விலை படுத்துவிட்ட காலம் அது. பச்சை இலையைப் பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பலர் தோட்டத்தைக் காடாக விட்டுவிட்டார்கள். பேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. மீதி நாளெல்லாம் கணவர் வீட்டில் உட்கார்ந்து, நான் போடும் டீயை வாயில் வைத்துக் கொப்பளித்து, அதில் என்ன குறை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் பள்ளிக்கூடம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது.

அந்த வருடம் ஒரு தொண்டு அமைப்பு எங்கள் பள்ளிக்கு ஓர் இடம் ஒதுக்கியது. பத்தாவது முடித்த பிள்ளைகளில் ஒருவருக்குக் கோயமுத்தூரில் தங்கிப் படிக்க இடம், சிற்பப் பயிற்சியோடு. யாருக்கு என்பதை ஒரு மதிப்பீட்டை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பிள்ளைகள் களிமண்ணில் ஒரு சிற்பம் செய்ய வேண்டும். அப்புறம் சிற்பிகளின் செய்முறைகளையும் எண்ணங்களையும் பற்றி வாய்மொழித் தேர்வு. முதல் சுற்று மார்க் நான் போட வேண்டும். பிறகு கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்து முடிவெடுப்பார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது பக்கத்துக்கு நோட்ஸ் கொடுத்தேன். செதுக்குதல், வனைதல், வார்த்தல், இணைத்தல் என்று நாலு முறைக்கும் விளக்கம், பயன், குறை. பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் எழுதினார்கள். விரல் வீங்க எழுதினார்கள்.

அந்த இருபத்திரண்டில் ஒருத்தி செல்வி. அப்பா எஸ்டேட்டில் கவாத்து வெட்டுகிறவர். கவாத்து என்றால் உயரமாக வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கத்தியால் வெட்டிவிடுவது. அம்மா இலை பறிப்பவர். எஸ்டேட்டில் இருவருக்கும் வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. செல்வியைத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு அனுப்ப அவள் சித்தி ஏற்பாடு செய்துவிட்டாள். அப்பா மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "அந்த எடம் கெடச்சா படி கண்ணு. கெடைக்கலீனா சித்தியோட கெளம்பிக்க." இதை அவள் என்னிடம் சொல்லும்போது எந்த முகபாவமும் இல்லாமல், பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். ஆனாலும் நான் நேர்மையான ஆசிரியை அல்லவா, மார்க் விஷயத்தில் யாருக்கும் இரக்கம் காட்டக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

வாய்மொழித் தேர்வில் அவளிடம் கேட்டேன்.

"செதுக்கும் முறையில் சிற்பி என்ன செய்கிறார்?"

நோட்ஸ் பதினோராம் பக்கம். 'தேவையற்ற பகுதிகளை நீக்கி உருவத்தை வெளிக்கொணர்கிறார்.' இதுதான் விடை. செல்வி கொஞ்சம் யோசித்தாள்.

"எத வெட்டறதுன்னு பாக்க மாட்டாருங்க மிஸ். எத உடறதுன்னுதான் பாப்பாரு. எங்கப்பா கவாத்துக்கு நின்னாருன்னா மொதல்ல செடியச் சுத்திச் சுத்தி வருவாருங்க. எந்தக் கெளை நிக்கோணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் கத்திய எடுப்பாரு. வெட்டுனத ஒட்ட முடியாதுல்லீங்க."

இவ்வளவு தெளிவாக ஒரு பிள்ளை சொல்கிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து நின்றிருக்க வேண்டும். நான் செய்ததோ, சிவப்பு மையில் 'பாடக் குறிப்பில் இல்லை' என்று எழுதியது.

அடுத்து அவள் சிற்பம். உள்ளங்கையில் அடங்குகிற அளவில், கூடை சுமந்து குனிந்து போகும் ஒரு பெண்ணின் முதுகு. முன்பக்கம் ஒன்றுமில்லை, வழவழவென்று விட்டிருந்தாள்.

"முகம் எங்கே?"

"அம்மா முன்னால போவாங்க, நான் பின்னால போவேனுங்க. பாதை ஒத்தையடி. நான் பாத்தது முதுகுதாங்க மிஸ்."

திருப்பிப் பார்த்தேன். அடியிலிருந்து ஸ்பூனால் குடைந்து உள்ளே காலியாக வைத்திருந்தாள். "ஏன் மண்ணைச் சுரண்டி எடுத்திருக்கே?" என்று கேட்டேன். "கனமா இருந்தா உள்ள காயாதுங்க மிஸ்" என்றாள். 'முழுமையற்றது' என்று எழுதினேன். பத்துக்கு மூன்று. கையெழுத்து வேறு போட்டேன், அழகாக.

இப்போது மழை வருகிறது. எங்கள் ஊரில் ஜூலை மாதத்தில் துவைத்த துணியே ஒரு வாரம் காயாது, களிமண் எங்கே காய்கிறது? வெள்ளிக்கிழமை மதிப்பீட்டாளர் வருகிறார். வியாழக்கிழமை காலையிலும் சிற்பங்கள் தொட்டால் விரல் பதியும் நிலையில்தான் இருந்தன. காய்ந்த சிற்பத்தைத்தான் காட்ட வேண்டும் என்று விதிமுறையில் இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த அபார யோசனை வந்தது. பேக்டரியில் டிரையர் இருக்கிறதே. ஈரத் தேயிலையை இருபது நிமிடத்தில் மொறுமொறுவென்று ஆக்கும் இயந்திரம். இன்று பேக்டரிக்கு லீவு, டிரையர் சும்மாதான் கிடக்கிறது. கணவர் சாம்பிள் எடுத்துக்கொண்டு குன்னூர் ஏல ஆபீசுக்குப் போயிருந்தார். எல்லாமே கூடி வந்தது.

சும்மா நின்ற பேக்டரி இலை லாரியில் சாக்கு விரித்து, சிற்பங்களை அடுக்கி, துணைக்குச் செல்வியையும் மணிகண்டனையும் கூட்டிக்கொண்டு போனேன். லீவு நாளிலும் காவலுக்கு இருந்த டிரையர் ஓட்டும் சுப்பண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, அய்யாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேனுங்க."

(பொய். இதற்குத் தனியாக மார்க் குறைத்துக்கொள்ளுங்கள்.)

அவர் அடுப்பைப் பற்ற வைக்கப் பின்பக்கம் போனார். நான் இலை பரப்பும் தடுப்பைத் தூக்கிவிட்டு, மேல் தட்டில் சிற்பங்களை வரிசையாக வைக்க ஆரம்பித்தேன். செல்வி என் முந்தானையை மெதுவாக இழுத்தாள்.

"மிஸ், அந்தத் தட்டு கவுந்துக்குமுங்க."

"மெதுவா வெச்சா கவுந்துக்காது."

"இல்லீங்க மிஸ். அதோட வேலையே கவுக்கறதுதாங்க."

எஸ்டேட் பிள்ளை சொல்கிறது. பேக்டரியில் கூட்டிப் பெருக்குகிற அத்தையோடு பத்துத் தடவை உள்ளே வந்துபோன பிள்ளை சொல்கிறது. டீ மேக்கரின் பெண்டாட்டி கேட்டாளா? "நான் படிச்சிருக்கேன் செல்வி" என்றேன். என்ன படித்தேன், டிரையரையா?

டிரையர் எப்படி வேலை செய்கிறது என்பதை இப்போது நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். மேல் தட்டு சங்கிலியில் நகர்ந்து கடைசிவரை போகும். அங்கே அப்படியே கவிழ்ந்து, இலையைக் கீழ்த் தட்டில் கொட்டும். அது எதிர்ப்பக்கமாக நகர்ந்து, அதுவும் கவிழும். இப்படிப் படிப்படியாக விழுந்து புரண்டு, காய்ந்து அடியில் வந்து சேரும். தேயிலைக்கு அது சௌகரியம். யானைக்கும் பிள்ளையாருக்கும் மாட்டு வண்டிக்கும் அப்படியில்லை.

சுப்பண்ணன் பழக்க தோஷத்தில் சங்கிலியை ஓடவிட்டார். சிற்பங்கள் ஊர்வலம் போல உள்ளே போயின. நான் பெருமையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் 'தொப்' என்று ஒன்று. தொடர்ந்து தொப் தொப் தொப். நடுநடுவே 'டப்' என்று வெடிச் சத்தம். சுப்பண்ணன் ஓடி வந்து நிறுத்துவதற்குள் அடிவாயில் முதல் யானையின் துதிக்கை மட்டும் வந்து விழுந்தது. பின்னால் ஒரு மணி நேரமாகச் சில்லும் பொடியுமாக அள்ளிக்கொண்டே இருந்தோம்.

மணிகண்டன் தன் யானையின் காதைப் பொறுக்கி எடுத்துத் துடைத்தான். செல்வி 'நான்தான் சொன்னேனே' என்று சொல்லாமல் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டாள். அவள் சிற்பத்தில் கூடை நொறுங்கிவிட்டது. முழுச் சிற்பம் இல்லாமல் எதை வைத்து அவளுக்கு இடம் கேட்பது? திருப்பூர் பஸ்ஸில் அவளை நானே ஏற்றிவிட்டது போல இருந்தது. லாரியில் பிள்ளைகள் பார்க்காத பக்கமாகத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் விஷயம் கேட்ட கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சங்கிலி நல்லாருக்குதா?"

மறுநாள் காய்ச்சல் என்று லீவு போட்டுவிடலாமா என்று யோசித்துத்தான் கிளம்பினேன். வகுப்புக்குள் நுழைந்தால், இருபத்திரண்டு பேரும் எனக்கு முன்னால் வந்திருந்தார்கள். பெஞ்சுகளை ஒட்டிப்போட்டு, பேப்பர் விரித்து, சில்லுகளை மூன்று குவியலாகப் பிரித்து அடுக்கியிருந்தார்கள். நான் கேட்பதற்குள் மதிப்பீட்டாளர் உள்ளே வந்துவிட்டார். பரமசிவம் என்று பெயர். மங்கி குல்லாய், மஃப்ளர், இரண்டு ஸ்வெட்டர். சில்லுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது என்ன டீச்சர்?"

நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். மணிகண்டன் எழுந்தான்.

"டிரையர்ல உட்டுட்டோமுங்க சார். இந்தக் குமியல் வெடிச்சதுங்க, மண்ணு தடியா இருந்து உள்ள ஈரம் நின்னது. இது ஒட்டு விட்டதுங்க. இது சும்மா கீழ உழுந்து ஒடஞ்சது."

அந்த மனிதர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கொண்டுவந்த கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு இரண்டு மணி நேரம் அங்கே நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். ஒவ்வொரு சில்லாக எடுத்து, 'இது யாரு செஞ்சது, எப்படிச் செஞ்சது' என்று கேட்டார். பிள்ளைகள் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார்கள். கயிறாக உருட்டிச் சுற்றியது எது, கட்டியைக் குடைந்தது எது, யாருடைய பெருவிரல் ரேகை எது என்பது வரை. மணிகண்டன் தன் யானைக் காதைக் காட்டி, "கீறி உட்டு, மண்ணுக் கொழம்பு தடவி ஒட்டியிருக்கோணுங்க சார். மிஸ் நோட்ஸ்ல இருக்குதுங்க. எழுதுனேன், செய்யலீங்க" என்றான். நாற்பது பக்கத்தில் நான் கொடுத்தது அத்தனையும் அவர்கள் கையில் இருந்தது, கூடவே நான் கொடுக்காததும். எனக்கு அவமானம் போய் வாய் பிளந்துவிட்டது. இவ்வளவு தெரிந்த பிள்ளைகளையா நான் பதினோராம் பக்கம் ஒப்பிக்கச் சொன்னேன்?

செல்வியின் முறை வந்தது. நாலு தட்டு உருண்டு விழுந்தும் அந்த முதுகு மட்டும் உடையாமல் இருந்தது. பரமசிவம் சார் அதை அடியில் திருப்பிக் குடைந்திருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். முகம் ஏன் இல்லை என்று கேட்டார். அவள் ஒற்றையடிப் பாதையைச் சொன்னாள். அவர் மஃப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், இது மட்டும் ஏன் வெடிக்கல, நீங்க சொல்லுங்க."

நான் எழுந்து நோட்ஸை ஒப்பித்தேன். எல்லாக் குறிப்பும் சரி, கேட்டதற்கு மட்டும் விடை இல்லை. "பசங்களா, உங்க மிஸ்ஸுக்குப் பத்துக்கு எத்தன போடலாம்?" என்று கேட்டார். பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்தார்கள். செல்வி எழுந்து, "நாலுங்க சார்" என்றாள்.

"ஏன் நாலு?"

"இவுங்கெல்லாம் ரெண்டுன்னு சொன்னாங்க. எனக்கு மிஸ் மூணு போட்டாங்க. அதவிட ஒண்ணாச்சும் கூடப் போடோணும்னு தோணுச்சுங்க சார்."

பரமசிவம் சார் என் மார்க் தாளைக் கையை நீட்டிக் கேட்டார். கொடுத்தேன். 'பாடக் குறிப்பில் இல்லை' என்ற இடத்தைப் படித்தார். கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். "நான்தான் சார் தப்பாப் போட்டுட்டேன். அவ சொன்னது எனக்குப் புரியல." பிள்ளைகள் எதிரிலேயே அந்த மூன்றை அடித்துவிட்டு ஒன்பது என்று போட்டேன். "அந்த ஒண்ண எதுக்குங்க புடிச்சு வெச்சிருக்கீங்க?" என்றார் அவர். அதையும் கொடுத்துவிட்டேன்.

இடம் செல்விக்குக் கிடைத்தது. திருப்பூர் சித்திக்கு இரண்டு வருடம் என் மேல் கோபம்.

டிரையரைச் சுத்தம் செய்ய மூன்று நாள் ஆனது. அதற்கப்புறம் காய்ந்த முதல் தேயிலையில் மண் வாடை இருந்தது என்பது கணவரின் கட்சி. ஆனால் ஏலத்தில் அதற்கும் வழக்கமான விலைதான் கிடைத்தது, அதற்குமேல் இறங்க அப்போது இடமில்லை.

இன்று செல்வி கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் சிற்பம் சொல்லிக்கொடுக்கிறாள். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். குரல் சரியில்லை. ஒரு பையன் என்னவோ வித்தியாசமாகப் பதில் சொன்னானாம், இவள் அவசரத்தில் குறைவாக மார்க் போட்டுவிட்டாளாம், வீட்டுக்கு வந்த பிறகுதான் அவன் சொன்னது புரிந்ததாம். "மனசே சரியில்லீங்க மிஸ். என்ன பண்ணட்டும்?"

குருஸ்தானத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "நாளைக்குக் காலையில எல்லாருக்கும் முன்னாடி அடிச்சுட்டு மாத்திப் போடு செல்வி. வெக்கப்படாதே" என்றேன்.

"போடறேனுங்க மிஸ். அதுக்கு மொதல்ல எல்லாத்தையும் டிரையர்ல போட்டு ஒடைக்கோணுங்களா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கணவர் குடித்துக்கொண்டிருந்த டீயைத் துப்பிவிட்டார். டீயில் குறை இல்லாமலே அவர் துப்பியது அந்த ஒருமுறைதான்.